பழந்துணி வாணிகமும் வாய்மையும்

பிறர் உடுத்துக் கழித்த ஆடையை நாம் விலைகொடுத்து வாங்கி உடுத்தலாமோ என்று கேட்டால், நம்மவருள் பெரும்பாலோர் முகஞ் சுளிப்பர். தமையன் சட்டையைத் தம்பி அணிவதும், தாயின் பட்டுப்புடவையை மகள் தன் திருமணத்தில் உடுத்துக்கொள்வதும் நம் வீடுகளில் காலங்காலமாய் நடந்து வருவனவே. ஆயினும், முன்பின் அறியாத ஒருவர் உடுத்த ஆடையை வாங்குவதென்றால், அஃது இழிவென்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்றும் உளது. பழைய புடவைகளைத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும் இல்லத்தரசி, அப்புடவைகள் பின்னர் யார் கைக்குச் செல்கின்றன என்று கேட்பதில்லை. நமக்குக் கொடுப்பதில் கூச்சமில்லை, வாங்குவதிலேயே கூச்சம்.

மேனாடுகளில் இவ்வெண்ணம் பெரிதும் மாறிவிட்டது. வறியோர் மட்டுமின்றி, மாணாக்கரும் உத்தியோகஸ்தரும் செல்வரும் இணையத்தின் வாயிலாகப் பழந்துணிகளை வாங்குகின்றனர்; தம்முடையவற்றை விற்கவும் செய்கின்றனர். யான் இக்கல்லூரியை விட்டு மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்று, பின்னர் அங்கே சில ஆண்டுகள் பணிபுரிந்த காலத்தில், இவ்விரண்டினையும் செய்திருக்கிறேன். அவ்வனுபவத்தினின்று எனக்கு உறுதிப்பட்ட ஓர் அபிப்பிராயத்தை நம் கல்லூரிச் சஞ்சிகையின் வாசகர்முன் வைக்க விழைகின்றேன். அஃது யாதெனில், இவ்வாணிகம் முழுதும் விற்பவர் தம் துணியைப் பற்றிக் கூறும் சொல்லின்மீதே நிற்கிறது. அச்சொல் பொய்யாயின், எந்தக் கம்பெனியின் விதியாலும் அதனைத் தாங்கி நிறுத்த இயலாது என்பதே.

பழந்துணி வாணிகம் புதியதன்று. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள பெட்டிகோட் லேன் என்னும் தெரு, சில நூற்றாண்டுகளாகவே பழைய ஆடைகளுக்குப் பேர்போனது. ஹென்றி மேஹ்யூ என்பார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தொழிலாளரையும் ஏழைகளையும் பற்றி எழுதிய பெருநூலில், ஹவுண்ட்ஸ்டிச்சிலிருந்த பழந்துணிச் சந்தையை விரித்துரைக்கின்றார். மங்கிய கறுப்புக் கோட்டுகளுக்குச் சாயக் கலவை தடவிப் புதியனபோல் தோன்றச் செய்யும் தொழிலாளர் அக்காலத்தில் இருந்தனர் என்பதும் அந்நூலால் விளங்கும். எனவே, குறையை மறைத்து விற்கும் வித்தையும் இவ்வாணிகத்தோடு கூடப் பிறந்ததென்றே கொள்ளவேண்டும்.

பின்வந்தோர் இதனை அறச்செயலாகவும் ஆக்கினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902-ஆம் ஆண்டு எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் போதகர், செல்வர் வீடுகளிலிருந்து பழம்பொருள்களைத் திரட்டி, அவற்றை ஏழைகளைக் கொண்டே செப்பனிடுவித்து விற்று, அவர்கட்குக் கூலி கிடைக்கும்படி செய்தார். அதுவே குட்வில் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பிராட் தெருவில் ஆக்ஸ்பாம் சங்கத்தார் தொடங்கிய கடையும் இத்தகையதே. இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் 1949 வரை, அந்நாட்டில் ஆடைக்குப் பங்கீடு இருந்தது. அப்பொழுது புத்தாடை வாங்கக் கூப்பன் வேண்டும். பழைய ஆடைக்கோ கூப்பன் வேண்டுவதில்லை. அதனால் பழந்துணியை அதுகாறும் ஏறெடுத்தும் பாராத குடும்பத்தாரும் அதனை நாடினர்.

இச்சந்தைகளுக்கும் கடைகளுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. வாங்குபவர் துணியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை உளதா என்று நோக்கலாம், முகர்ந்து பார்க்கலாம், அணிந்தும் பார்க்கலாம். சாயம் பூசி ஏய்ப்பவன் ஒருவன் இருந்தாலும், அவன் ஏய்க்கவேண்டியது எதிரில் நிற்கும் மனிதனின் கண்ணையும் கையையும் மூக்கையும். இணையத்தின் வாயிலாக நடக்கும் வாணிகத்திலோ, இம்மூன்றும் வாங்குபவர்க்கு இல்லாமற் போயின. அவர்க்குக் கிடைப்பவை சில படங்களும் சில வரிகளுமே. அப்படங்களை எடுப்பவரும் அவ்வரிகளை எழுதுபவரும் விற்பவரே.

நிற்க. இவ்விணைய வாணிகம் நடைபெறும் முறையைச் சிறிது கூறுவாம். 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ஈபே, எவரும் எப்பொருளையும் ஏலமிட்டு விற்க வழி செய்தது. லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் நகரில், வீடு மாறும்பொழுது தம்மிடம் ஆடைகள் மிகுந்திருக்கக் கண்ட மில்டா மிட்குட்டே என்னும் பெண்மணியும் அவர்தம் நண்பர் யுஸ்டாஸ் யனவுஸ்காசும் 2008-இல் தொடங்கியது வின்டெட். 2009-இல் அமெரிக்காவில் ஆடவர் சட்டைகளை மாற்றிக்கொள்ளும் முயற்சியாகத் தொடங்கியது திரெட்அப். 2011-இல் அமெரிக்காவில் போஷ்மார்க்கும் இத்தாலியில் டிபாப்பும் தோன்றின.

இவை இருவகைப்படும். முதல்வகையில் விற்பவரே படம் எடுத்து, விவரம் எழுதி, விலை குறித்து, பொட்டலம் கட்டி அஞ்சலில் அனுப்புகிறார். கம்பெனி நடுநின்று பணத்தை வாங்கி வைத்து, பொருள் சேர்ந்தபின் கொடுக்கிறது. வின்டெட், போஷ்மார்க், டிபாப் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தன. இரண்டாம் வகையில் விற்பவர் தம் ஆடைகளை ஒரு பையில் இட்டு அனுப்பிவிடுகிறார். கம்பெனியாரே தரம் பிரித்து, படம் பிடித்து, விலை குறித்து விற்று, ஒரு பங்கினை அவர்க்குத் தருகின்றனர். திரெட்அப் இவ்வகையில் பேர்பெற்றது.

இனி, விற்பவர் கூறும் குறைகளை நோக்குவாம். பையை அனுப்பி விற்போர் பலரும் கூறும் முறையீடு, கைக்கு வரும் தொகை மிகச் சிறிது என்பதாம். அனுப்பியவற்றுள் பாதியை ஏற்கவில்லை என்பர்; ஏற்றவற்றுள் மலிவான ஆடைக்கு விலையில் மிகச் சிறு பங்கே கிடைத்தது என்பர்; ஏற்காதவற்றைத் திரும்பப் பெறவும் தனியே பணம் கட்டவேண்டியிருந்தது என்பர். இம்முறையீட்டில் பாதி நியாயமும் பாதி அறியாமையும் உள என்பது என் கருத்து. ஓர் ஆலையில் ஒரே அளவில் ஆயிரம் சட்டைகள் தைத்தால், ஒரு படமும் ஒரு விவரமும் ஆயிரத்துக்கும் போதும். பழைய சட்டையோ ஒவ்வொன்றும் தனித் தன்மையுடையது. ஒருவர் அதனை எடுத்துப் பார்த்து, அளந்து, கறை தேடி, படம் பிடித்து, விவரம் எழுதி, அது விற்கும்வரை ஓரிடத்தில் வைத்துக் காக்கவேண்டும். ஐந்து டாலர் பெறும் சட்டைக்கும் ஐம்பது டாலர் பெறும் கோட்டுக்கும் இவ்வேலை ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் மலிவான துணியில் விலையின் பெரும்பகுதி இப்பிரயாசைக்கே போய்விடுகிறது. வாங்கியபோது நாம் கொடுத்த விலையை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. ஆனால், எவ்வகை ஆடை ஏற்கப்படும், எத்துணைப் பங்கு கிடைக்கும், என்ன பிடித்தம் உண்டு என்பனவற்றைப் பை புறப்படுமுன்பே தெளிவாய்ச் சொல்லுவது கம்பெனியாரின் கடமையாகும். அவர்கட்கும் வாய்மை வேண்டும் என்பதற்காகவே இதனைக் கூறுகின்றேன்.

நேரில் விற்போரின் முறையீடு வேறு. போஷ்மார்க்கில் 15 டாலருக்குக் குறைந்த விற்பனைக்கு 2 டாலர் 95 சென்டும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு நூற்றுக்கு 20 பங்கும் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அக்கம்பெனியார் அதனை மாற்றி, விற்பவர் செலுத்தும் பங்கைக் குறைத்து, வாங்குபவர்மீதும் ஒரு கட்டணம் சுமத்தினர். வாங்குவோர் குறைந்தனர் என்று விற்போர் ஒருமிக்கக் குரலெழுப்பவே, அம்மாதம் முடிவதற்குள் பழைய முறைக்கே திரும்பினர். இதனால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. கட்டணத்தை விற்பவர் தலையில் வைத்தாலும் வாங்குபவர் தலையில் வைத்தாலும் அஃது இருவரையுமே தாக்கும். வின்டெட்டில் விற்பவர்க்குக் கட்டணம் இல்லை. வாங்குபவரே பாதுகாப்புக் கட்டணமென்று ஒரு சிறு தொகையும், விலையில் சில பங்கும், அஞ்சற் செலவும் கொடுக்கிறார். விற்பவர்க்கு இலவசம் என்று மகிழ்வோர், வாங்குபவர் அக்கட்டணங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தே விலை கேட்கிறார் என்பதை மறத்தலாகாது.

இனி வாங்குவோர் குறைகளைக் கேட்போம். அளவு பொருந்தவில்லை, படத்தில் நீலமாய்த் தோன்றியது நேரில் சாம்பல் நிறமாயிருக்கிறது, புகையிலை நாற்றம் வீசுகிறது, கம்பளியில் பூச்சி அரித்த துளை இருக்கிறது, பேர்பெற்ற கம்பெனியின் கைப்பை என்று நம்பி வாங்கியது போலி என்பன இவற்றுள் முக்கியமானவை. போலியைத் தடுக்கச் சில கம்பெனியார் விலையுயர்ந்த பொருள்களைத் தம்மிடம் வரவழைத்துச் சோதித்து அனுப்புகின்றனர். போஷ்மார்க்கில் 500 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு இவ்வாறு செய்வர். ஆனால் பத்து டாலர்ச் சட்டையைச் சோதிக்க எவரும் இலர். அங்கே விற்பவர் சொல்லே சோதனை.

விதிகள் இல்லாமலில்லை. பொருள் வந்து சேர்ந்தபின் போஷ்மார்க்கில் 3 நாளும், வின்டெட்டில் 2 நாளும் முறையிட அவகாசம் உண்டு. ஈபேயில் இன்னும் நீண்ட அவகாசம் உண்டு. எனினும் இவ்விதிகள் பெரும்பாலும், பொருள் விவரித்தபடி இல்லாவிடின் உதவுவனவே. அளவு பொருந்தவில்லை, மனம் மாறிவிட்டது என்பவை ஏற்கப்படா. இங்கிலாந்துச் சட்டமும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. அங்கே வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பொருளைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் கூறாமலே மறுக்கலாம். தம் சொந்த ஆடையை விற்கும் தனி மனிதரிடம் அவ்வுரிமை இல்லை. பொருள் நல்ல தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்னும் கடமையும் அத்தனி மனிதர்க்கு இல்லை. ஆனால், 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, அவர் தந்த விவரத்தோடு பொருள் பொருந்தியிருத்தல் வேண்டும் என்னும் கடமை அவர்க்கும் உண்டு. இதனைச் சற்றே சிந்திக்குமின். கிழிந்த கோட்டை விற்பது குற்றமன்று. கிழிந்த கோட்டைக் கிழியாத கோட்டென்று விற்பதே குற்றம். சட்டம் துணியை விட்டுச் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது.

விற்பவரே பிழை செய்வர், வாங்குபவர் பிழையறியார் என்று கூறுவேன் அல்லேன். பத்து பவுண்டு விலை குறித்த ஆடையை இரண்டு பவுண்டுக்குக் கேட்டு, மறுத்தால் வசை எழுதுவோர் உளர். விருந்தொன்றுக்கு ஒருநாள் அணிந்துவிட்டு, விவரித்தபடி இல்லையென்று திருப்பி அனுப்புவோர் உளர். இல்லாத கறையை உண்டென்று கூறிப் பாதிப் பணத்தைத் திரும்பக் கேட்போரும் உளர். இவர்களால் கைச்சேதம் அடைந்த விற்பவர், அடுத்த முறை தாமும் வாய்மை பேசுவதில் என்ன பயன் என்று எண்ணத் தலைப்படுவர். பொய் இவ்வாறு கைமாறிச் செல்கின்றது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தைக் கூறக் கடமைப்பட்டிருக்கின்றேன். அஃது எனக்குப் பெருமை தருவதன்று.

இங்கிலாந்தில் என் முதற் குளிர்காலத்தில், புதிய கோட்டு வாங்கப் பணமின்றி, இணையத்தில் 18 பவுண்டுக்குப் பழைய கம்பளிக் கோட்டொன்று வாங்கினேன். வந்த கோட்டில் சிகரெட்டு நாற்றம் வீசிற்று. ஏமாற்றப்பட்டேன் என்று கொதித்து, முறையிட எண்ணி விவரத்தைத் திரும்பப் படித்தேன். கடைசி வரியில், எங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் உண்டு என்று அவ்விற்பனையாளர் எழுதியிருந்தார். படத்தைக் கண்ட அவசரத்தில் யான்தான் அதனைப் படித்திலேன். பல நாள் காற்றில் உலர்த்தி அக்கோட்டையே அணிந்தேன். அக்குளிரை அதுவே காத்தது.

மூன்றாண்டு கழித்து யான் சாம்பல் நிறக் கம்பளி மேற்சட்டையொன்றை விற்கலானேன். அதன் இடக்கைப் புறத்தே, மணிக்கட்டுக்கு அருகில், பூச்சி அரித்த சிறு துளைகள் மூன்று இருந்தன. யான் அவற்றை அறிவேன். அக்கையைச் சிறிது மடித்து வைத்துப் படம் எடுத்தேன்; நல்ல நிலையிலுள்ளது என்று எழுதினேன். அதனைப் பொய்யென்றும் அப்பொழுது யான் எண்ணவில்லை. பழைய துணி என்று அறிந்தே வாங்குகிறார். சிறு துளையைப் பெரிதுபடுத்துவானேன் என்று எனக்கு யானே சமாதானம் கூறிக்கொண்டேன். 14 பவுண்டுக்கு அது விலைபோயிற்று. பணமும் வந்து சேர்ந்தது.

பத்து நாள் கழித்து வாங்கியவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேலைக்கான நேர்முகத்திற்கு அணியவே அதனை வாங்கியதாகவும், பொட்டலத்தை மேலோட்டமாய்ப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், நேர்முகத்தின் காலையில் அணிந்தபொழுதே துளைகளைக் கண்டதாகவும் எழுதியிருந்தார். முறையிடும் நாள் கழிந்துவிட்டது. ஆகையால் பணம் கேட்கவில்லை. தாங்கள் அதனை முன்பே அறிந்திருந்தீர்களா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று முடித்திருந்தார்.

இரண்டு நாள் யான் விடையெழுதவில்லை. அறியேன் என்று எழுதினால் அத்துடன் முடிந்துவிடும். அதனைப் பொய்யென்று காட்ட எவராலும் இயலாது. கம்பெனியின் விதிப்படி யான் குற்றமற்றவன், கணக்கு முடிந்துவிட்டது. எனினும், என் முதற் கோட்டை விற்ற அப்புகைபிடிக்கும் வீட்டாரின் கடைசி வரி என் நினைவை விட்டு நீங்கவில்லை. அவர்க்குப் பேரிழப்பொன்றும் இல்லாமலே அவ்வரியை விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. மூன்றாம் நாள், அறிந்திருந்தேன், மன்னிக்கவேண்டும் என்று எழுதி, வங்கிக் கணக்கு விவரம் கேட்டேன். கணக்கு எண் மட்டும் வந்தது. வேறு சொல்லொன்றும் இல்லை. 14 பவுண்டையும் அனுப்பினேன். அவர் அந்நேர்முகத்தில் வேலை பெற்றாரோ இல்லையோ, யான் அறியேன். கேட்கத் துணிவும் இல்லை.

அதன்பின் யான் விற்ற ஆடைகளுக்கெல்லாம் குறையைத் தனியே படம் எடுத்து முதலில் வைத்தேன். காலர் தேய்ந்த சட்டையொன்றுக்கு அதனால் இரண்டு பவுண்டு குறைவாகக் கிடைத்தது. ஆயின் அதன்மேல் ஒரு முறையீடும் வரவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பழம்பொருள் வாங்குபவர் கண்ணை விழித்து வாங்கவேண்டும். வாங்குபவரே எச்சரிக்கையாயிருக்க என்பது பழைய வியாபார விதியன்றோ என்று சிலர் கேட்பர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குபவனுக்கு அவ்விதி பொருந்தும். அவனுக்குக் கண்ணும் கையும் உண்டு. படத்தைப் பார்த்து வாங்குபவர்க்கு அவற்றைத் தருபவர் விற்பவரே. தாமே ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது எவ்வாறு நியாயமாகும்?

மற்றோர் ஆட்சேபம், குறையைச் சொன்னால் விலை குறையும் என்பது. குறையும், அதனை மறுக்கவில்லை. ஆனால் அவ்வாறு குறையும் தொகை நமக்கு எந்நாளும் உரியதன்று. துளையுள்ள சட்டையின் விலை துளையுள்ள சட்டையின் விலையே. அதற்கு மேற்பட்டது பிறர் அறியாமையினின்று எடுத்த பணம். திருவள்ளுவர் வணிகர் கடமையைக் கூறுங்கால், அதனைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்திருக்கின்றார். விற்பதும் வாங்குவதும் அவர்க்கு நடுநிற்றலைச் சேர்ந்த செயல். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே தராசில் வைக்கத் தெரிந்தவர்க்கன்றி, இவ்வாணிகம் நெடுநாள் நடவாது.

அரசினர்க்கும் வாய்மை கடன். இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல், இத்தகைய கம்பெனிகள் ஓராண்டில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களையோ, சுமார் 1,700 பவுண்டுக்கு மேலோ விற்றவரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வரி அதிகாரிகட்குத் தெரிவிக்கும் முறை ஏற்பட்டது. புதிய வரி வந்துவிட்டதென்று பலர் அப்பொழுது அஞ்சினர். அஃது உண்மையன்று. தாம் அணிந்த ஆடையை வாங்கிய விலைக்குக் குறைத்து விற்பவர் வியாபாரி ஆகார். இலாபத்தின் பொருட்டே வாங்கி விற்பவர்க்கும் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரவு வரையில் விலக்கு உண்டு. அதற்கு மேற்படின் தெரிவித்தல் வேண்டும். வெளிநாட்டில் பயிலும் நம் மாணாக்கர், தம் அநுமதிச் சீட்டு இத்தகைய வியாபாரத்துக்கு இடந்தருமா என்பதையும் முன்னரே கேட்டறிதல் நலம்.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் சிலரேனும் மேனாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கே குளிரைத் தாங்கும் ஆடை முதற் செலவாய் வந்து நிற்கும். அவர்கட்குப் பயன்படும் என்று சில கூறுவேன். வாங்குங்கால், விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். எண்ணளவை நம்பவேண்டா, ஒரு கம்பெனியின் 10-ஆம் எண் மற்றொன்றின் 12-ஆம் எண்ணாயிருக்கும், அமெரிக்க எண் வேறு, இங்கிலாந்து எண் வேறு. நன்கு பொருந்தும் உம் கோட்டொன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குளும், தோளுக்குத் தோளும், கையின் நீளமும் நாடாவால் அளந்து, விற்பவரிடம் அதே அளவுகளைக் கேளுங்கள். அக்குள், காலர், கைம்முனை, உட்துணி ஆகியவற்றின் படங்களைக் கேட்க நாணவேண்டா. குறையை மறைக்காதவர் அவற்றை மகிழ்ந்து அனுப்புவார். அஞ்சற் செலவையும் கட்டணத்தையும் கூட்டியபின் விலையை மதிப்பிடுங்கள். பொட்டலம் வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் முற்றும் பிரித்துப் பாருங்கள். முறையிடும் நாள் குறுகியது. கம்பெனியைக் கடந்து தனியே பணம் அனுப்பச் சொல்பவரை நம்பவேண்டா, அப்பணத்துக்குக் காப்பில்லை.

விற்குங்கால், துவைத்து உலர்த்திய பின்னரே படம் எடுங்கள். மஞ்சள் விளக்கொளியை விட்டுச் சன்னலருகில் பகலொளியில் எடுங்கள். அளவுகளை எழுதுங்கள். கறை, துளை, தேய்வு, நாற்றம், மாற்றித் தைத்த இடம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அஞ்சலில் இட்டதற்கான சீட்டைக் காத்து வையுங்கள். பொய்ம் முறையீடு வருமாயின், நீங்கள் முன்னரே காட்டிய படமே உங்கட்குச் சாட்சியாகும். குறையைக் கூறியவர்க்கு அதுவே கவசம்.

முடிவாக ஒன்று. நம் விடுதிகளில் படிப்பு முடிந்து செல்லும் மாணவர் தம் புத்தகங்களையும் சைக்கிளையும் அடுத்த வகுப்பார்க்கு விற்றுச் செல்வதுண்டு. அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூடத்தில் உண்பவர். பக்கம் கிழிந்த புத்தகத்தை முழுப் புத்தகமென்று விற்றவன் மறுநாள் அவன் முகத்தில் விழிக்கவேண்டும். அந்நாணமே அங்கே காவல். இணைய வாணிகத்தில் அம்முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்திலும் அந்நாணம் நம்மோடு வருமாயின், பழந்துணியை வாங்குவதிலோ விற்பதிலோ இழிவு ஒன்றும் இல்லை. வாராதாயின், புத்தாடை உடுத்திருந்தும் பயனில்லை. கம்பெனியார் குறித்த நாட்கள் கழிந்தபின்னும் கழியாத கடன் ஒன்று உண்டென்பதை யான் 14 பவுண்டு கொடுத்துக் கற்றேன். நம் மாணாக்கர் அதனைச் செலவின்றியே கற்றுக்கொள்ளவேண்டும் என்பது என் விருப்பம்.